அப்பாவோட கண்ணுல கோளாறு இல்லை

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி இருக்கும். நான் பண்ணின ஒரு தப்பால எங்க அப்பா எட்டு மாசம் தன் கண்ணு மங்கிப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தார். விஷயம் என்னன்னா, ஸ்க்ரீனோட டிஸ்ப்ளே செட்டிங்ஸ். "இதுக்கெல்லாம் ஒரு எபிசோடா?"ன்னு நீங்க நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப என் பழைய லேப்டாப்பை அப்பாவுக்குக் குடுத்துட்டு வந்தேன். 15.6 இஞ்ச், ஃபுல் ஹெச்டி, விண்டோஸ் 11. அவருக்குப் பெரிய தேவை ஒண்ணும் இல்லை. காலையில இ-பேப்பர் படிக்கணும், பேங்க் ஸ்டேட்மென்ட் பாக்கணும், அவ்ளோதான். "எழுத்து பொடிப்பொடியா இருக்குப்பா"ன்னார். பஸ்ஸுக்கு நேரமாச்சு. ரெசல்யூஷனை 1920 × 1080-ல இருந்து 1366 × 768-க்குக் குறைச்சேன். எழுத்து கொஞ்சம் பெருசாச்சு. "இப்ப ஓகேவா?"ன்னு கேட்டுட்டு, பதிலைக்கூட சரியா கேக்காம கிளம்பிட்டேன்.

ஆடி மாசம் மறுபடி ஊருக்குப் போனா, லேப்டாப் மேல துணி போட்டு மூடி வச்சிருக்கு. அப்பா புதுக் கண்ணாடி போட்டிருக்கார். அம்மாதான் சொன்னாங்க: "படிச்சா எழுத்து எல்லாம் மங்கலா தெரியுதுன்னு கண்ணாடியை மாத்தினார். பவர்ல பெருசா மாற்றம் இல்லைன்னுதான் கடையில சொன்னாங்க. மாத்தியும் அப்படியேதான் இருக்குங்கறார்." அப்பா சிரிச்சுக்கிட்டே, "வயசாயிடுச்சுல்ல, விடு"ன்னார்.

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். எனக்கும் மங்கலாத்தான் தெரிஞ்சுது.

அந்த ஸ்க்ரீன்ல என்ன நடந்துச்சு?

எல்சிடி ஸ்க்ரீனைக் கட்டம் போட்ட நோட்டு மாதிரி நினைச்சுக்கோங்க. இந்த லேப்டாப்புல குறுக்க 1920 கட்டம், நெடுக்க 1080 கட்டம். இதுதான் நேட்டிவ் ரெசல்யூஷன். தொழிற்சாலையிலேயே முடிவான விஷயம், எந்த செட்டிங்காலயும் கட்டத்தோட எண்ணிக்கையை மாத்த முடியாது.

நான் 1366-க்குக் குறைச்சப்ப கம்ப்யூட்டர் 1366 கட்டத்துக்குத்தான் படம் வரையுது. ஆனா அதை 1920 கட்டத்துல நிரப்பணும். 1920-ஐ 1366-ஆல வகுத்தா சுமாரா 1.4. அதாவது, ஒரு புள்ளியை 1.4 கட்டம்னு பிச்சு வைக்க முடியாது. அதனால பக்கத்துக் கட்டத்துல பாதிக் கறுப்பு, பாதி வெள்ளைன்னு ஒரு சாம்பல் நிறத்தைப் பூசி சமாளிக்கும். அதுதான் அந்த மங்கல்.

இங்கிலீஷ் எழுத்துல இதை ஓரளவு சமாளிச்சுடலாம். தமிழ்ல வளைவும் சுழியும் நெருக்கமா வரும். 'ண', 'ன' வித்தியாசமே ஒரு சுழிதான். 'க'வா 'க்'கான்னு சொல்றது மேல இருக்கிற அந்தப் புள்ளிதான். சின்ன சைஸ்ல முதல்ல கரைஞ்சு போறதும் அதுதான்.

அப்ப எழுத்தை எப்படிப் பெருசாக்கறது?

ரெசல்யூஷனைத் தொடாதீங்க. மாத்த வேண்டியது ஸ்கேல்.

டெஸ்க்டாப்புல ரைட் க்ளிக், 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்'. அங்க ரெண்டு வரி பக்கத்துல பக்கத்துல இருக்கும். 'டிஸ்ப்ளே ரெசல்யூஷன்'ல 'ரெகமெண்டட்'னு எதுக்குப் பக்கத்துல போட்டிருக்கோ, அதுதான் பெரும்பாலும் உங்க ஸ்க்ரீனோட நேட்டிவ். அதை அப்படியே வச்சுக்கோங்க. 'ஸ்கேல்'ங்கற வரியில 100, 125, 150 சதவீதம்னு வரும். 150 வச்சா கம்ப்யூட்டர் எழுத்தை ஒன்றரை மடங்கு பெருசா, புதுசா வரையும். எல்லாக் கட்டத்தையும் பயன்படுத்தும், அதனால விளிம்பு கூர்மையா இருக்கும். எழுத்து மட்டும் பெருசானா போதும்னா, 'ஆக்சஸிபிலிட்டி'க்குள்ள 'டெக்ஸ்ட் சைஸ்'னு தனியா ஒண்ணு இருக்கு.

மேக் வச்சிருக்கிறவங்க 'சிஸ்டம் செட்டிங்ஸ்'ல 'டிஸ்ப்ளேஸ்' போங்க.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துடறேன். 'உங்க ஸ்க்ரீன் சைஸ் என்ன'ன்னு காட்டற வெப்சைட்டுகள் இருக்கு. ஃபுல் ஹெச்டி லேப்டாப்புல அது 1536 × 864-னு காட்டும். உடனே கடைக்காரர் ஏமாத்திட்டார்னு சண்டைக்குப் போகாதீங்க. ப்ரவுசர் சொல்றது ஸ்கேல் போக மிச்சம் இருக்கிற கணக்கு. 1536-ஐ 1.25-ஆல பெருக்குங்க, 1920 வரும். ஸ்கேல் 125-ல இருக்குன்னு அர்த்தம், அவ்ளோதான்.

அப்படியே இதையும் பாத்துடுங்க

அதே பக்கத்துல கீழ 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே'னு இருக்கும். அதுல ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்க. ஒரு நொடிக்கு ஸ்க்ரீன் எத்தனை தடவை புதுப்பிக்குதுங்கற கணக்கு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரைக் காசு குடுத்து வாங்கிட்டு, 60-லயே ஓட்டிக்கிட்டு இருக்கிறவங்க நம்ம கூட்டத்துலயே இருப்பாங்க. 4கே மானிட்டர்ல மவுஸ் இழுத்து இழுத்து நகருதுன்னா, கேபிளையும் போர்ட்டையும் சந்தேகப்படுங்க. ஹெச்டிஎம்ஐ 1.4-ல 4கே-வுக்கு 30 ஹெர்ட்ஸ்தான் வரும். 60 வேணும்னா 2.0 வேணும்.

ஆண்ட்ராய்டு ஃபோன்ல 'ஃபான்ட் சைஸ்', 'டிஸ்ப்ளே சைஸ்' ரெண்டும் வேற வேற. முதலாவது எழுத்தை மட்டும் பெருசாக்கும், ரெண்டாவது ஐகான், பட்டன் எல்லாத்தையும் சேர்த்துப் பெருசாக்கும். ஆண்ட்ராய்டு 14-ல இருந்து எழுத்தை 200 சதவீதம் வரை கொண்டு போகலாம். ஆப் எழுதற மக்களே, உங்க ஆப்பை அந்த 200-ல வச்சு ஒரு தடவை திறந்து பாருங்க. 'சப்மிட்' பட்டன் ஸ்க்ரீனுக்கு வெளியே போயிருந்தா, உங்க அம்மாவால அதை அழுத்த முடியாது.

சரி, அப்பா கதைக்கு வர்றேன். ரெசல்யூஷனைத் திரும்ப 1920-க்குக் கொண்டு வந்து, ஸ்கேலை 150 ஆக்கினேன். ஒரு நிமிஷம்கூட ஆகலை. அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வச்சேன். தலைப்புச் செய்தியை வாய்விட்டுப் படிச்சார். அப்புறம் ஸ்க்ரீனுக்குக் கிட்ட போய், "புள்ளி எல்லாம் தெரியுதே"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்ப கண்ணாடி மாத்தின காசு தண்டமா?"ன்னு கேட்டார். என்கிட்ட பதில் இல்லை.

எனக்கு உறுத்தினது அந்த செட்டிங் இல்லை. எட்டு மாசம் ஃபோன்ல பேசினோம், ஒரு தடவைகூட லேப்டாப் சரியா தெரியலைன்னு அவர் சொல்லலை. பையன் சாஃப்ட்வேர் இன்ஜினியர், அவன் சரியாத்தான் வச்சிருப்பான், கோளாறு நம்ம கண்ணுலதான்னு முடிவு பண்ணிட்டார். மெஷினும் ஒண்ணும் சொல்லலை. தப்பான ரெசல்யூஷன்ல ஓடினாலும் அது எரர் மெசேஜ் காட்டாது.

கண்ணுல உண்மையாவே தொந்தரவு இருந்தா டாக்டர்கிட்ட போங்க, அதுல விளையாடாதீங்க. ஆனா ஃபோன்ல தெளிவா தெரியுது, லேப்டாப்புல மட்டும் மங்குதுன்னா, செட்டிங்கையும் ஒரு தடவை பாத்துடுங்க.

இந்த வாரம் வீட்டுக்குப் போனா அவங்க ஸ்க்ரீனைத் திறந்து நீங்க பாக்காதீங்க. அவங்க வழக்கமா உட்கார்ற இடத்துல உட்கார வச்சு, ஒரு பத்தி படிக்கச் சொல்லிக் கேளுங்க. முழுசா கேட்டுட்டுக் கிளம்புங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம்.