எட்டிக் கொடு, எறிந்து கொடு

அறந்தாங்கிப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் புதிதல்ல. கண்மாய்கள் உண்டு, கல்லணைக் கால்வாயின் கடைமடை உண்டு, கிழக்கே போனால் மணமேல்குடிக் கடல். ஆனால் எல்லாருக்கும் நீச்சல் தெரியுமா என்றால், இல்லை.

தண்ணீரில் பாதுகாப்பாக இருக்கச் சொல்லித்தரும் சாரணர் இயக்கத்தின் முதல் முகாமே தண்ணீர் சூழ்ந்த இடத்தில்தான் நடந்தது. 1907 ஆகஸ்டில் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல், சுமார் இருபது சிறுவர்களுடன் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் கூடாரம் அடித்தார். உயிர் காக்கும் பயிற்சியும் அங்கே ஒரு பாடம்.

இன்று சாரணர்களுக்குச் சொல்லித்தரும் தண்ணீர் விதிகள் இவை. இருவர் இருவராகவே தண்ணீரில் இறங்க வேண்டும். விசில் ஊதினால் ஜோடியின் கையைப் பிடித்து உயர்த்த வேண்டும். யாராவது மூழ்கினால் குதிக்கக் கூடாது. கரையில் படுத்துக் கம்பை நீட்டு, எட்டாவிட்டால் கயிற்றை வீசு. குதிப்பதுதான் வீரம் என்று சினிமா சொல்லும். நம்பாதீர்கள்! பதறி மூழ்குபவர் காப்பாற்றப் போனவரையும் சேர்த்து இழுத்துவிடுவார்.

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர்கள் நால்வர் மூழ்கினார்கள். அங்கிருந்த மூன்று பெண்கள் உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து வீசி, இருவரைக் கரையேற்றினார்கள். சாதாரண கிராமத்துப் பெண்கள்! தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது அளித்தது.

பெற்றோர்களே, பள்ளியில் சாரணர் படை இருந்தால் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். கண்மாயில் குளிக்கப் போகிறார்கள் என்றால், நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கயிற்றோடு கரையில் நிற்கட்டும்.