ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினை



ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினை என்றதும் நம் மாணவர் ஒரு கழைக்கூத்தையே நினைக்கின்றனர். செயப்படுபொருளை முன்னே கொண்டுவா, எழுவாயைப் பின்னே தள்ளு, இடையில் 'பை' என்னும் சொல்லைச் சேர், புள்ளி கிடைத்துவிடும். ஆங்கிலேயர் ஏன் அவ்வாறு பேசுகின்றனர் என்று கேட்பார் இல்லை.

விடை ஹட்டனைச் சூழ்ந்துள்ள தேயிலைத் தொழிற்சாலைகளிலே இருக்கிறது. கொழுந்து பறிக்கப்படுகிறது, வாட்டப்படுகிறது, உருட்டப்படுகிறது, உலர்த்தப்படுகிறது. பேச்சு தேயிலையைப் பற்றியது. இயந்திரத்தின் அருகே நிற்பவர் எவர் என்பது அங்கே வேண்டுவதில்லை; ஆகவே 'பை' என்பதும் வேண்டுவதில்லை. 'இஸ் பிளக்ட்' என்றால் நிகழ்காலம், 'வாஸ் பிளக்ட்' என்றால் இறந்தகாலம், 'வில் பி பிளக்ட்' என்றால் எதிர்காலம். முன் நிற்கும் துணைவினையே காலங்காட்டும். 'பிளக்ட்' அசையாது நிற்கும். இதை உணர்ந்தால் பாதி தொல்லை தீரும். மறுபாதி, 'வாஸ் ஹாப்பன்ட்' என்று எழுதும் பழக்கம். விபத்து நேர்ந்தது என்போம். எவரும் விபத்தை 'நேர்வதில்லை'. செயப்படுபொருள் கொள்ளாத வினைக்குச் செயப்பாட்டு வினை ஏது?

நம் பழைய உரையாசிரியர்களும் 'திண்ணை மெழுகிற்று' என்னும் வழக்கை ஆராய்ந்தனர். திண்ணை மிளிர்கிறது, மெழுகியவள் மறைந்துவிடுகிறாள். தொழிற்சாலையில் அந்த மறைவால் தீங்கில்லை. மனிதரைப் பற்றிய பேச்சில் அப்படியன்று.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ்த் திரளாக விண்ணப்பித்தோரின் மனுக்களிற் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. 1964 ஒக்ரோபர் 30 ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையிலே 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் பிரிக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் விடயம் பின்னைக்கு ஒத்திவைக்கப்பட்டது. அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. இவ்வாக்கியங்களிலெல்லாம் எழுவாய் அவர்களே, அவர்தம் மனுக்களே, அவர்தம் விருப்பமே. செயல் மட்டும் அவர்களுடையதன்று. யார் நிராகரித்தார், யார் பிரித்தார், யார் கேட்கவில்லை என்பதை வாக்கியம் சொல்லாமலே முடிந்துவிடுகிறது.

ஆகையால் என் வகுப்பிலே வாக்கியம் மாற்றும் பயிற்சியோடு வேறொன்றும் உண்டு. வீட்டுக்கு வரும் அலுவலகக் கடிதமொன்றை மாணவர் கொண்டு வருவர். 'தீர்மானிக்கப்பட்டுள்ளது' என்று காணும் இடந்தோறும் கோடிட்டு, 'யாரால்?' என்று ஓரத்தில் எழுதுவர். பின்பு அவ்வினாவைக் கொண்டே தாய் தந்தையர் சார்பில் ஆங்கிலத்தில் மறுமொழி ஒன்று எழுதுவர், முழுவதும் செய்வினையில். அதற்கும் பத்துப் புள்ளி உண்டு.