பிஸ்கட் தகரத்திலுள்ள சத்திக் குளிசை



கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட், மேனர் பார்க், ஈஸ்ட் ஹாம் பக்கத்துத் தமிழ் வீடுகள் பலவற்றில் ஒரு பழைய பிஸ்கட் தகரம் இருக்கும். கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்துபோனவர்கள் விட்டுச்சென்ற குளிசைகள் அதற்குள் கிடக்கும். பாதி அட்டையைக் கத்தரித்திருப்பார்கள். கத்தரித்த பக்கத்தோடு மருந்தின் பெயரும் போயிருக்கும். ஓங்காளம், சத்தி என்றால் கை முதலில் அங்கேதான் போகிறது. வீட்டில் வலிப்புக்கு மருந்து எடுக்கிறவர் இருந்தால், அவருக்காக அந்தத் தகரத்தைத் திறக்காதீர்கள்.

மெட்டோகுளோபிரமைடு என்ற சத்தி மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே மக்சலோன், இந்தியாவில் பெரினார்ம் என்று வருவது அதுதான். வலிப்பு உள்ளவர்களுக்கு இது கூடாது என்று அதன் மருந்துக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. அதை எடுத்தால் வலிப்பு அடிக்கடி வரலாம், கடுமையாகவும் வரலாம். மற்றப் பெரியவர்களுக்கும்கூட நாளொன்றுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல், 5 நாட்களுக்கு மேல் வேண்டாம் என்று 2013இல் கட்டுப்பாடு வந்தது. தலைச்சுற்றுக்கும் சத்திக்கும் பலர் வைத்திருக்கும் ஸ்டெமெட்டிலும் கவனத்துக்குரியதுதான். வலிப்பு வருவதை அது எளிதாக்கக்கூடும். மருத்துவர் யோசித்துத் தரலாம், நாமாக எடுக்கக்கூடாது.

இந்த இரண்டு மருந்துகளிலும் இன்னொரு சிக்கல் உண்டு. சிலருக்கு, முக்கியமாக இளம் வயதினருக்கு, கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும், கண் மேலே செருகும், தாடை இறுகும். பார்ப்பவர்கள் வலிப்பு என்றே நினைத்துப் பதறுவார்கள். ஆனால் அவருக்கு நினைவு தப்பியிராது, நீங்கள் பேசுவது கேட்கும். அதுவும் அவசரம்தான். சத்திக் குளிசை எடுத்தார் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொன்னால் சரியான மருந்து விரைவில் கிடைக்கும்.

டொம்பெரிடோன் என்ற இன்னொரு சத்தி மருந்து மூளைக்குள் அதிகம் போவதில்லை. அதற்காக அதையும் சாதாரணமாக எண்ணிவிட முடியாது. இதயத் துடிப்பைக் குழப்பக்கூடும் என்பதால் 2014 முதல் இந்த நாட்டில் மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடையாது. ஒருவர் வலிப்புக்காகப் பல வருடமாகக் கார்பமசெபின், அதாவது டெக்ரெட்டோல், எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சுச்சளித் தொற்றுக்குக் கிளாரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக் கொடுக்கிறார்கள். அது கார்பமசெபினின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். சில நாளில் ஓங்காளம், தள்ளாட்டம், பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது என்று தொடங்குகிறது. வயிறு சரியில்லை என்று நினைத்துத் தகரத்திலிருந்து டொம்பெரிடோன் போடுகிறார். கிளாரித்ரோமைசினோடு டொம்பெரிடோனைச் சேர்க்கவே கூடாது! இங்கே சத்தியை நிறுத்துவதைவிட அது ஏன் வந்தது என்று பார்ப்பதுதான் அவரைக் காப்பாற்றும்.

எபிலிம் என்கிற வல்புரோவேட் வலிப்பு மருந்தை எடுப்பவருக்குச் சத்தியோடு கடும் வயிற்றுவலியோ, வழக்கத்துக்கு மாறான தூக்கமோ, கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் ஈரலும் கணையமும் பாதிக்கப்பட்டிருக்கலாம். நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள். பிளேஸ்டோவில் நியூஹாம் மருத்துவமனையின் அவசரப் பிரிவு இருக்கிறது.

சத்தி வருகிறதென்று வலிப்புக் குளிசையை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். விட்டுப்போன குளிசையால் வரும் வலிப்புகள் ஏராளம். குளிசை போட்டு சற்று நேரத்தில் சத்தியெடுத்தால், நீங்களாக இன்னொன்றைப் போடவும் வேண்டாம். எத்தனை மணிக்குப் போட்டீர்கள், எத்தனை மணிக்குச் சத்தியெடுத்தீர்கள், சத்தியில் குளிசை முழுதாகத் தெரிந்ததா என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடும் மருந்துப் பெட்டிகளோடும் வுட்கிரேஞ்ச் வீதியிலோ கிரீன் ஸ்ட்ரீட்டிலோ உள்ள மருந்துக்கடைக்குப் போனால், முன்பதிவு இல்லாமலே மருந்தாளரிடம் கேட்கலாம். இரவு என்றால் 111ஐ அழையுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் ‘டமில் இன்டர்பிரிட்டர் ப்ளீஸ்’ என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் நேரே 999.

செலவை நினைத்துத்தான் ஊர்மருந்தை வைத்திருக்கிறோம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்கிலாந்தில் வலிப்புக்குத் தொடர்ந்து மருந்து எடுப்பவருக்கு மருத்துவ விலக்குச் சான்றிதழ் உண்டு. அது இருந்தால் வலிப்பு மருந்து மட்டுமல்ல, என்எச்எஸ் சீட்டில் எழுதும் சத்தி மருந்தும் இலவசம். உங்கள் ஜிபியிடம் எஃப்பி92ஏ படிவத்தைக் கேளுங்கள். சான்றிதழ் வழக்கமாக 5 வருடம் செல்லும். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் முடிவுத் தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.