கோலி, வளையல், மெட்ரோ ரயில்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஒரு சாய்ந்த பலகை. மேலே ஒரு ஐஸ்கட்டி, ஒரு கோலி, ஒரு வளையல். ஐஸ்கட்டி உராய்வே இல்லாமல் வழுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் ஒரே நேரத்தில் விட்டால் எது முதலில் கீழே வரும்?

ஐஸ்கட்டிதான். அடுத்தது கோலி, கடைசியில் வளையல். எடைக்கும் பருமனுக்கும் இதில் வேலையே இல்லை. உயரம் தந்த ஆற்றல் முழுவதையும் ஐஸ்கட்டி ஓட்டத்தில் போடுகிறது. கோலி அதில் 7-ல் 2 பங்கைச் சுழற்சிக்கு எடுத்துக்கொள்கிறது, வளையல் சரிபாதியை. "உராய்வு ஆற்றலைத் தின்றுவிட்டது" என்று பரீட்சையில் எழுதுவார்கள். தப்பு! வழுக்காமல் உருளும்போது பலகையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. அதனால் உராய்வு எதையும் சூடாக்கி வீணாக்குவதில்லை; ஓட்டத்தில் ஒரு பங்கைச் சுழற்சியாக மாற்றித் தருகிறது, அவ்வளவுதான்.

புத்தகக் கணக்குதானே என்பீர்கள். ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வாங்க. 7 மீட்டர் உயர மேம்பாலத்திலிருந்து சும்மா உருண்டு இறங்கினாலே, காற்றுத் தடையை விட்டுவிட்டால், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். பெட்ரோல் மிச்சம் என்று நம்ம ஆட்கள் வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு இறங்குகிறார்கள். என்ன மிச்சம்? வண்டியும் இரண்டு பேருமாக 250 கிலோ. அதை 7 மீட்டர் ஏற்ற 17 கிலோஜூல். இன்ஜின் கால்வாசித் திறனில் ஓடினால், ஏறியதற்கே மொத்தம் 2 மில்லி பெட்ரோல்தான்! லாரிக்காரர் இதைச் செய்தால் கதையே வேறு. இன்ஜின் நின்றால் பிரேக்குக்குப் புதிதாகக் காற்று ஏறாது, பவர் ஸ்டியரிங்கும் கெட்டிப்பட்டுவிடும். பின்னால் 12,000 லிட்டர் தண்ணீர் தள்ளிக்கொண்டு வருகிறது.

இறங்குகிற ஆற்றலை உண்மையிலேயே திருப்பிப் பிடிப்பது ரயில்தான். தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931-லேயே வந்தது. ஆனால் பழைய வண்டிகளில் பிரேக் பிடித்தால் எல்லாம் சூடாகப் போய்விடும். 2018-ல் திறந்த மெட்ரோ பாதையில் சின்னமலையைத் தாண்டி சைதாப்பேட்டைச் சுரங்கத்துக்குள் இறங்கும்போது கவனியுங்கள். அங்கே மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தை லைனுக்குத் திருப்பி அனுப்புகிறது. அந்தக் கணக்கைப் போடுகிறவர்கள், சக்கரமும் மோட்டாரும் சுழல்வதற்காக ரயிலின் எடையோடு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்வார்கள். வளையலுக்குப் போட்ட அதே கணக்குதான்.