கேட்பதும் அன்பே
(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



யாயிரின் பன்னிரண்டு வயது மகளை இயேசு உயிர்த்தெழச் செய்தார். பெற்றோர் மலைத்து நின்றார்கள். ஆனால் இயேசு சொன்ன அடுத்த வார்த்தை என்ன? சிறுமிக்கு உண்ணக் கொடுக்கச் சொன்னார். புதுமை முடிந்த இடத்தில் பராமரிப்பு தொடங்குகிறது.

நெமிலிச்சேரியில் ஒரு வீடு. ஒரு வயதுக் குழந்தைக்குக் குடலிறக்க ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. நன்றி செபம் சொல்லப் போயிருந்தேன். வலி மருந்து கொடுக்கும் நேரம். மூத்த பேரனுக்குக் கொடுத்துப் பழகிய பாட்டி, ஐந்து மில்லி ஊற்றினார். மருமகள் ஓடிவந்து, "அத்தே, இது சொட்டு மருந்து! ஒரு மில்லிதான்" என்று தடுத்தார். பிறகு என்னிடம், "நர்ஸ்கிட்ட ரெண்டு தடவை கேட்டேன் ஃபாதர். சலிச்சுக்கிட்டாங்க. ஆனா கேட்டதாலதான் தெரிஞ்சுது" என்றார்.

இரண்டு பாட்டிலிலும் இருப்பது பாராசிட்டமால்தான். ஒரு வகை சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 மில்லிகிராம். சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். அதில் ஐந்து மில்லி என்றால் 500, அதாவது நான்கு மடங்கு! அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும் மருந்து அது. பாட்டியின் அன்பில் குறையில்லை. லேபிளைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மருத்துவமனையிலும் பிழை நேரலாம். குழந்தைகளுக்கு எடையைக் கணக்கிட்டே மருந்து தருகிறார்கள். ஒரு புள்ளி இடம் மாறினால் அளவு பத்து மடங்காகிவிடும். மருந்துப் பிழைகளைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஓர் இயக்கமே தொடங்கியது.

பெற்றோரே, வீடு திரும்பும்முன் கேளுங்கள்: என்ன மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒருமுறை, எத்தனை நாள்? வலிக்கும் காய்ச்சலுக்கும் தந்த இரண்டிலும் ஒரே மருந்து இருக்கிறதா? சமையலறைக் கரண்டி வேண்டாம். மருந்தோடு வரும் அளவுக் கருவியையே பயன்படுத்துங்கள். கொடுத்த நேரத்தை எழுதி வையுங்கள். தவறிவிட்டால் மறைக்காதீர்கள், பாட்டிலோடு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மருத்துவப் பணியிலிருக்கும் நம் பங்கு மக்களே, இரண்டாம் முறை கேட்கும் தாயிடம் சலித்துக்கொள்ளாதீர்கள். அவர் உங்களைச் சந்தேகிக்கவில்லை, பிள்ளையைக் காக்கிறார்.

செபிப்போம்: ஆண்டவரே, குணமாகிவரும் குழந்தைகளைக் காத்தருளும். கேட்கத் துணிவையும், சொல்லப் பொறுமையையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.