பொது இல்லமும் தேநீர்க்கடைப் பெஞ்சும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கிலச் சிற்றூர்களின் 'பப்' பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நம் செயலாளரின் முகம் சற்றே வாடியது. மதுவின் பெருமை பாட நான் வரவில்லை. அவர் நிம்மதியாக அமரலாம். நான் பேச விழைவது அமரும் இடத்தைப் பற்றி.

பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம், பொது இல்லம். தொடக்கத்தில் அது மெய்யாகவே ஒரு குடும்பத்தின் வீடுதான். வீட்டில் ஏல் என்னும் பானத்தைக் காய்ச்சிய பெண்கள், விற்பனைக்கு ஆயத்தம் என்பதற்கு அடையாளமாக வாயிலில் ஒரு கழியை நீட்டி வைப்பர். 1393-இல் அரசன் இரண்டாம் ரிச்சர்டு, விற்போர் கட்டாயம் அடையாளப் பலகை வைக்க வேண்டுமென ஆணையிட்டான். எழுத்தறியாதோரும் அறியும்படி வெண்மானும் செஞ்சிங்கமும் பலகைகளில் ஏறின. குடைவரையில் நரசிம்மர் வீற்றிருக்கும் ஊரினராகிய நமக்குச் செஞ்சிங்கம் அந்நியமன்று! 1830-இல் வந்த பீர்ச் சட்டமோ, வரி செலுத்துவோர் எவரும் இரண்டு கினி கட்டணத்தில் உரிமம் பெற்றுத் தம் வீட்டிலேயே பீர் விற்கலாம் என்றது. வீட்டின் முன்னறை ஊரின் கூடமாயிற்று.

எழுத்தாளர்களுக்கும் அக்கூடம் உதவியது. ஆக்ஸ்போர்டின் 'ஈகிள் அண்டு சைல்டு' பப்பில் லூயிசும் டோல்கியனும் நண்பர்களுடன் செவ்வாய்க்கிழமைகளில் கூடினர். ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் தமக்குப் பிடித்த பப் ஒன்றை அங்குலம் அங்குலமாக வருணித்துவிட்டு, இறுதியில் அப்படியொன்று இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

நம் ஊர்களில் அந்தப் பொது இல்லம் தேநீர்க்கடைப் பெஞ்சுதான். பித்தளைப் பாய்லரின் சீற்றம், துணி வடிகட்டி, கைகள் அகல ஆற்றிய தேநீர், பக்கம் பக்கமாகப் பிரிந்து நான்கு பேர் கைகளில் உலவும் தினத்தந்தி. நம் வட்டமும் ரயில் நிலையத்தருகே அத்தகைய பெஞ்சில் பிறந்ததே. முதலாண்டு மலரில் அதனை 'அனைவருக்கும் பொதுவான அரியணை' என்று எழுதியவன் நான்.

இன்று அவ்வரியைத் திருத்த விரும்புகிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது, ஒரகடம் சாலையோரத்தில் கூரை வேய்ந்த தேநீர்க்கடை ஒன்று இருந்தது. சாலை அகன்றபோது அது மறைந்தது. சேரியிலிருந்து வந்த என் வகுப்புத் தோழனும் நானும் ஒருநாள் அங்கே சென்றோம். எனக்குப் பெஞ்சு. அவனுக்குத் தரை, இறவாணத்தில் செருகியிருந்த தனிக்குவளை. குடித்ததும் அவனே அதைக் கழுவிச் செருகினான். நான் பெஞ்சில் அமர்ந்தபடியே குடித்து முடித்தேன். வழி நெடுகக் கணக்கு வாத்தியாரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.

ஆங்கில பப்பிலும் தடுப்புச்சுவர் இருந்தது. உழைப்பாளிகளுக்குப் 'பப்ளிக் பார்', வசதியுள்ளோருக்குச் 'சலூன் பார்'. எனினும் சில காசுகள் கூடுதலாகத் தந்தால் அச்சுவரைக் கடக்க முடிந்தது; நம் சுவருக்கு அப்படி விலையில்லை. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையிலிருந்து 'பிராமணாள்' என்னும் ஒரு சொல்லை அகற்றப் பெரியாரின் தொண்டர்கள் நூற்றுக்கணக்கில் கைதாக வேண்டியிருந்தது.

இன்று ரயில் நிலையப் பெஞ்சில் ஷிப்டு முடித்த இளைஞர்கள் அமர்கிறார்கள். ஒடியாவும் இந்தியும் கேட்கின்றன. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2022-இல் உற்பத்தி நின்றபோது, அத்துயரத்தை மாலை மாலையாகக் கேட்டதும் அதே பெஞ்சுதான். தனிக்குவளை அங்கே இல்லை. ஆனால் பெண்கள் அமர்ந்து நான் கண்டதில்லை. நம் வட்டத்துப் பெண் கவிஞர்கள், நாம் மண்டபத்துக்கு மாறிய பிறகுதானே வரத் தொடங்கினார்கள்? அதற்கு முன்பு ஏன் வரவில்லை என்று நாம் ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தை, அனைவருமாக அந்தப் பெஞ்சிலேயே நடத்துவோம். கடைக்காரரிடம் பேசிவிட்டேன். ஞாயிறு மாலை நான்கு மணிக்குமேல் இரண்டு பெஞ்சுகள் தருவதாகச் சொன்னார். போதாதென்றால் பக்கத்துச் சைக்கிள் கடையில் ஒன்று கேட்டு வாங்கலாமாம்.