மேலிருந்து காணும் கண்ணும் தெருவில் நடக்கும் காலும்
(குர்லா தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் மாணவர்களை முன்னிட்டுச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் பணித்தார்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருள், தொலையுணர்வுக் கலையும் அதில் முன்னின்று உழைத்த மாணவர்களும் ஆகும். பெயர் பெரிதாகத் தோன்றினும் பொருள் எளிதே. ஒரு நிலத்தைத் தொடாமல், தூரத்தே இருந்து அதனின்று வரும் ஒளியையும் வெப்பத்தையும் அளந்து, அதன் இயல்பை அறிந்து, தேசப்படமாக எழுதுவதே தொலையுணர்வு. இது குர்லாவாசிகளாகிய நமக்கு அயலான கலை அன்று. நம் வாசற்படியோடு தொடர்புடைய கலை.

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே வேளையில் கொலாபாவில் பதிவானதோ ஏறத்தாழ 73 மில்லிமீட்டரே! ஒரே நகரத்தின் ஒரு முனை மூழ்கியது. மறுமுனை நனைந்ததோடு நின்றது. விகார், பவாய் ஏரிகளில் நிரம்பி வழியும் நீரைச் சுமந்து, சுமார் 18 கிலோமீட்டர் ஓடி மாகிம் கழியில் சேரும் மித்தி ஆறு, வழியில் குர்லாவையும் தாராவியையும் ஒட்டிச் செல்கிறது. அந்நாளில் நம் சந்துகளில் நீர் எவ்வளவு உயரம் நின்றது, எவ்வழியே புகுந்தது என்பதைப் பெரியவர்கள் இன்றும் நினைவிலிருந்து கூறுகிறார்கள். எழுதி வைத்தவர்களோ மிகச் சிலர். இன்று நம் முன் அமர்ந்திருக்கும் மாணவர்களுள் பலர் அன்று பிறக்கவே இல்லை.

நிலத்தை அளக்கும் கலைக்குத் தமிழ்நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. 1794-இல் சென்னையில் 8 மாணவர்களுடன் தொடங்கிய நில அளவைப் பள்ளியே வளர்ந்து, பிற்காலத்தில் கிண்டி பொறியியற் கல்லூரி ஆயிற்று. 1802-இல் பரங்கிமலையருகே லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பணி, பின்னாளில் இமயம் வரை சென்றது. அப்பணியில் 1831-இல் கணக்கராகச் சேர்ந்த ராதாநாத் சிக்தார், அப்போது இருபது வயதும் நிரம்பாத கல்கத்தா மாணவர். உலகின் உயர்ந்த சிகரம் எதுவென்று காட்டிய கணக்கில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

வானிலிருந்து காணும் முறை நம் நாட்டில் வேரூன்றியது அதற்கு நெடுங்காலம் கழித்தேயாகும். பிஷாரடி என்னும் அறிஞர், கேரளத்துத் தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் படம்பிடித்து, நோயுற்ற மரங்களைப் பிரித்தறிய வழி கண்டார். நலமான இலை அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். நலிந்த இலை அவ்வாறு செய்யாது. 1988-இல் ஐ.ஆர்.எஸ். 1ஏ என்னும் செயற்கைக்கோள் நம் நிலத்தைப் படமெடுக்கச் சென்றது. மேகத்தையும் இருளையும் ஊடுருவிக் காணும் ரேடார் கொண்ட ரிசாட் 1, 2012-இல் சென்றது. மழைநாளில் வெள்ளத்தை வானிலிருந்து காண வேண்டுமானால் ரேடாரே கண்.

மாணவர்களும் இத்துறையில் பின்தங்கவில்லை. 2009-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் விண்ணில் ஏறியது. 2011-இல் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்களின் செயற்கைக்கோள், காற்றில் கலந்த வெப்பவாயுக்களை அளக்கும் கருவியோடு சென்றது. நமக்கு அண்டையிலுள்ள பவாய் ஐ.ஐ.டி.யில் 2007-இல் மாணவர் இருவர் தொடங்கிய 'பிரதம்' என்னும் திட்டம், 2016 செப்டம்பர் 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் ஏறியது. ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள அச்சிறு பெட்டியின் வேலை, மேல்வளிமண்டலத்திலுள்ள எலக்ட்ரான்களின் அளவைக் கணிப்பது. அவை மிகுந்தால், நாம் இருக்குமிடத்தைக் காட்டும் செயற்கைக்கோள் சமிக்ஞைகள் தாமதமுற்றுப் பிழைபடும். பெட்டி அனுப்பும் வானொலி அலை எவ்வளவு திரும்புகிறது என்பதைத் தரையிலிருந்து அளந்து அக்கணக்கைப் போடுவர்.

இதில் நாம் வியப்பது அப்பெட்டியை மட்டும் அன்று. தொடங்கிய ஆண்டுக்கும் ஏவிய ஆண்டுக்கும் இடையே 9 ஆண்டுகள்! தொடங்கியவர்கள் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார்கள்; அடுத்தவர் வந்தார்கள்; அவர்களும் சென்றார்கள். ரயில்வே அலுவலகத்தில் மாற்றலாகிச் செல்பவர் பொறுப்பை எழுதி ஒப்படைத்துச் செல்வது போல, ஒவ்வொரு அணியும் தன் வேலையை அடுத்த அணியிடம் ஒப்படைத்தமையால் அன்றோ அது முடிந்தது! மேடையில் முன்வரிசையில் அமர்வது தலைமை அன்று. தான் சென்ற பின்னும் பணி நடக்குமாறு எழுதி வைத்துச் செல்வதே தலைமை.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். எத்தனை கூர்மையான கண்ணாயினும், தகரக் கூரைகள் நெருங்கிய நம் சந்துக்குள் புகுந்து பாராது. கூரையின் கீழுள்ள சாக்கடையின் ஆழமும், அடைபட்ட மதகும் விண்ணுக்குத் தெரியா. ஆகவேதான், படம் சொல்வதைத் தரையில் நடந்து சரிபார்க்க வேண்டும் என்பதை இக்கலையினர் விதியாகக் கொண்டுள்ளனர். நம் சந்தில் நடக்க நம் பிள்ளைகளைவிடத் தகுந்தவர் யார்?

எனவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். அடுத்த மழைக்காலத்துக்கு முன், நம் காலனியின் மாணவரும் மாணவியரும் அணியாகச் சேர்ந்து ஒரு நீர்மட்டப் படம் எழுத வேண்டும். வீடுதோறும் சென்று 2005-இல் நீர் நின்ற உயரத்தைப் பெரியவர்களிடம் கேட்டு, நாடாவால் அளந்து குறிக்க வேண்டும். கொத்தனார்கள் பயன்படுத்தும், நீர் நிரப்பிய குழாயைக் கொண்டே தெருவின் மேடு பள்ளத்தை அறியலாம். செலவு சொற்பம். மழை பெய்யும் நாளில் பெரியவர்கள் வாசலிலிருந்தே நேரத்தையும் உயரத்தையும் குறிக்கட்டும். பிள்ளைகளை வெள்ளத்தில் இறக்க வேண்டா. படத்தின் ஒரு பிரதி சங்கத்தில் இருக்கட்டும். மற்றொன்று மாநகராட்சியின் எல் வார்டு அலுவலகத்துக்குச் செல்லட்டும். வாயால் சொல்லும் குறை காற்றோடு போகும். அளந்து எழுதிய குறைக்கு மறுமொழி கேட்க உரிமை உண்டு.

பெற்றோர்களே! 'இதனால் வேலை கிடைக்குமா?' என்று நீங்கள் கேட்பது நியாயமே. கிண்டியில் இதற்கெனப் பட்டப்படிப்பு உண்டு. பவாயில் உயர்படிப்பு உண்டு. டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் கட்டணமின்றி இணையவழி வகுப்புகள் நடத்துகிறது. ஆயினும் அவற்றிற்கெல்லாம் முன்படி, தான் வாழும் தெருவை அளக்கக் கற்பதே. பெண் மக்களையும் தடுக்காது அனுப்புங்கள்.

பிழைக்க வந்த ஊர் என்று இவ்வூரைக் கூறுகிறோம். அளந்து அறிந்து, அதன் நலத்துக்கு உழைக்கும்போதே அது நம் ஊர் ஆகும். வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!